மிளகாய்தானே என்று சொல்லாதீர்கள்

2016 ஜூலையில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு கொந்தளித்தபோது, கூட்டத்தைக் கலைக்க எடுத்த பெல்லட் துப்பாக்கிகள் நூற்றுக்கணக்கானவர்களின் கண்களைச் சிதைத்தன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மாற்று வழி சொல்லும்படி மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழு சொன்ன மாற்று, ‘பாவா’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் வேதிப்பொருளை அடைத்த குண்டு. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினுக்கு நெருங்கிய உறவுள்ள நோனிவமைடுதான் அந்தப் பொருள். லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து சொன்னது. குவாலியருக்கு அருகே டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்திவரும் கண்ணீர்ப்புகைப் பிரிவு குண்டாக்கித் தந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் ஏறத்தாழ 1,000 குண்டுகள் ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தன. மிளகாய் இனத்துப் பொருள், மண்ணில் மக்கிவிடும், ஆளைச் சற்று நேரம் முடக்கிவிட்டு விட்டுவிடும், உயிரை வாங்காது என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதின. காவல்துறைக்கோ சிறைத்துறைக்கோ தனியார் காவல் நிறுவனங்களுக்கோ எரிச்சலூட்டும் தெளிப்பான் வாங்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தச் சமாதானம்தான் முன்னால் வந்து நிற்கிறது. சரியான பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், கொல்லாத ஆயுதம் கிடைத்துவிடும் என்பது இன்று அதிகாரிகளும் விற்பனையாளர்களும் நல்லெண்ணமுள்ள பலரும் ஒருமித்துச் சொல்லும் கருத்து.

இந்தக் கருத்து தவறு என்பதும், அது ஆபத்தான தவறு என்பதும் என் வாதம். பாதுகாப்பு என்பது புட்டிக்குள் இருக்கும் பொருளின் குணம் என்று அது எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அடித்தார்கள், எத்தனை அடி தூரத்திலிருந்து அடித்தார்கள், வெளியே போக வழி இருந்ததா, பட்டவருக்கு ஆஸ்துமா இருந்ததா, அடித்த பிறகு கழுவத் தண்ணீர் கொடுத்தார்களா, நடந்ததை யாராவது எழுதி வைத்தார்களா என்பவற்றில்தான் பாதுகாப்பு இருக்கிறது. இவற்றைக் கவனிக்காத அரசு எவ்வளவு மென்மையான பொருளை வாங்கினாலும் அது ஒருநாள் ஆளைக் கொல்லும். தெளிப்பான்களை ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கத்தியோடு பாய்கிறவனைச் சுடாமல் நிறுத்த ஒரு காவலருக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அந்த வழியை ஆயுதக் கிடங்கின் சரக்காகப் பார்க்காமல், மருந்துக் கடையின் சரக்கைப் பார்க்கும் கண்ணோடு பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் மிளகாய்க்கு வருவோம். இந்தச் சமாதானத்தின் பாதி பலம் அந்தப் பெயரிலிருந்து வருகிறது. தாளிக்கும்போது நெடி ஏறி வீட்டில் உள்ளவர்கள் இருமுவதும், சற்று நேரத்தில் அது அடங்குவதும் நம் சமையலறையில் அன்றாடம் நடப்பதுதானே, இதில் என்ன விபரீதம் என்று தோன்றும். நம் உடம்பில் வலியையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு அதை அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் அந்த வாயிலைக் கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. தீயில் வேகிறோம் என்ற செய்தி மூளைக்குப் போகிறது. இமைகள் தாமாக மூடிக்கொள்கின்றன, மூச்சுக்குழாய் சுருங்குகிறது, சளி பெருகுகிறது. இவை பக்கவிளைவுகள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெளிப்பான் செய்ய வேண்டிய வேலையே இதுதான். அந்த வேலையை எவ்வளவு வலுவாகச் செய்யும் என்பதைப் பெரும்பாலும் அளவே தீர்மானிக்கிறது. இதே கேப்சைசின் மூட்டுவலிக் களிம்பாகக் கடைக்கு வரும்போது 0.025 முதல் 0.075 சதவீதம்வரை என்று குழாயில் அச்சிட்டிருக்கும். கண்ணில் படக் கூடாது, புண்ணில் தடவக் கூடாது, தடவியபின் கையைக் கழுவுங்கள் என்று எச்சரிக்கை இருக்கும். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். முழங்காலில் தடவுவதற்கு இவ்வளவு கட்டுப்பாடு கேட்கிற நாம், கண்ணிலேயே அடிப்பதற்கு மிளகாய்தானே என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

மிளகாய்ச் சாற்றில் செய்த தெளிப்பான்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. டப்பாவின்மேல் 5 சதவீதம், 10 சதவீதம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சாற்றின் அளவுதான். அந்தச் சாற்றுக்குள் காரப்பொருள் எவ்வளவு என்பது மிளகாயின் ரகத்தையும் விளைச்சலையும் பிழிந்த முறையையும் பொறுத்து மாறும். ஒரே எண் போட்ட இரண்டு டப்பாக்கள் ஒரே அளவு எரியும் என்று சொல்ல முடியாது. ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கும் பாவா இந்த இடத்தில் உண்மையிலேயே மேலானது. பிரிட்டிஷ் போலீஸ் வைத்திருக்கும் தெளிப்பானில் அது 0.3 சதவீதம், சாராயமும் தண்ணீரும் கலந்த கரைசலில். அளவு தெரிந்த பொருள், அளவு தெரியாத பொருளைவிட நல்லது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மேன்மை என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. பாவாவைச் சற்றுப் பாதுகாப்பானதாக்கியது அதன் மிளகாய்ப் பரம்பரை கிடையாது. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல முடிவதுதான்.

இதற்கு முந்தியது ஆபத்து, இப்போது வந்திருப்பது பாதுகாப்பு என்ற பேச்சும் புதிதில்லை. சிஎன் என்ற பழைய கண்ணீர்ப்புகைக்குப் பதிலாகச் சிஎஸ் வந்தபோது, இது கூடுதல் வலுவுள்ளது, ஆனால் நச்சுத்தன்மை குறைந்தது என்றார்கள். சிஎஸ்ஸை 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் கார்சன், ஸ்டாட்டன் என்ற இருவர் தயாரித்தார்கள். 1950களில் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடம் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் மிளகாய்ச் சாறு வந்தது, இயற்கையானது என்ற பெயரோடு. அமெரிக்க எஃப்பிஐ தன் ஆட்களுக்கு அதை ஏற்றுக்கொண்டதும், நாடு முழுவதும் இருந்த காவல் அமைப்புகள் அதையே நற்சான்றாக எடுத்துக்கொண்டு வாங்கின. எஃப்பிஐயில் அந்தத் தெளிப்பானை ஆராயும் பணிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி, தெளிப்பான் தயாரிப்பாளர் ஒருவரிடமிருந்து 57,500 டாலர் வாங்கியதை 1996இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். பணம் வாங்கினார் என்பதற்காக அவர் எழுதியதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் ஒரு மருந்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரி அந்த மருந்து நிறுவனத்திடம் பணம் வாங்கியிருந்தால் அந்த ஒப்புதல் ஒருநாள்கூட நிற்காது. தெளிப்பான் விஷயத்தில் சான்று தந்தவர் சிறைக்குப் போனார், டப்பாக்கள் காவலர்களின் இடுப்புப் பட்டையிலேயே தங்கிவிட்டன.

மருந்தைப்போல நடத்துங்கள் என்பது நான் கண்டுபிடித்த யோசனை அன்று. 1969 ஆகஸ்டில் வட அயர்லாந்தின் டெரி நகரில், போக்சைடு பகுதியின் நெருக்கமான தெருக்களுக்குள் போலீஸ் மணிக்கணக்கில் சிஎஸ் புகையைப் பாய்ச்சியது. வீடுகளுக்குள் இருந்த குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளும் அதைச் சுவாசித்தார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு சர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவ அறிஞர் தலைமையில் குழு அமைத்தது. 1969இலும் 1971இலும் அக்குழு அறிக்கை தந்தது. மக்கள்மேல் பயன்படுத்தப்போகும் இத்தகைய வேதிப்பொருள்களைச் சோதிக்கும்போது ஆயுதத்துக்கு உரிய அளவுகோலைவிட, புதிய மருந்துக்கு உரிய அளவுகோலுக்கு நெருக்கமானதைக் கொண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. ஆரோக்கியமானவர்களுக்கு என்ன ஆகும் என்பதோடு நின்றுவிடாமல் முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு என்ன ஆகும் என்றும் பார்க்கச் சொல்லும் அளவுகோல் அது. அரை நூற்றாண்டு கடந்தும் அதை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருக்கும் நாடு என்று ஒன்றை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க ராணுவமே சாட்சி. அங்கே புதிதாகச் சேரும் வீரர்களை முகமூடிப் பயிற்சிக்காகச் சிஎஸ் நிரப்பிய அறைக்குள் அனுப்புவது வழக்கம். ராணுவ மருத்துவர்கள் ஃபோர்ட் ஜாக்சன் முகாமில் ஆராய்ந்தபோது, அந்த அறைக்குப் போய்வந்த பின் வீரர்களுக்குத் திடீர் சுவாச நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இவர்கள் உடற்தகுதித் தேர்வில் தேறிய இளைஞர்கள். பயிற்சி அறையில் புகையின் அடர்த்தியையும் இருக்கும் நேரத்தையும் குறைத்தபோது அந்த நோயும் குறைந்தது. பொருள் அதேதான், அளவும் நேரமும் மட்டுமே மாறின. இதைத் திருப்பிப்போட்டும் பார்க்கலாம். 2013 ஆகஸ்டில் எகிப்தின் அபூ ஸாபல் சிறைக்கு வெளியே, கைதிகளை அடைத்து நிறுத்தியிருந்த போலீஸ் வண்டிக்குள் கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது. 37 பேர் மூச்சுமுட்டி இறந்தார்கள். நெரிசலான, காற்றில்லாத இரும்புப் பெட்டிக்குள் ‘கொல்லாத’ பொருள் என்று எதுவும் கிடையாது. நம் மக்களவைக்கும் இதன் சிறு ருசி தெரியும். 2014 பிப்ரவரி 13 அன்று தெலங்கானா மசோதா வந்தபோது ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்பிரேயை அடித்தார். கையடக்கமான ஒரு டப்பாதான். அவை கலைந்தது, சில உறுப்பினர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு உடனே திறக்கக் கதவுகளும், வாசலில் ஆம்புலன்ஸும், பக்கத்தில் பெரிய மருத்துவமனையும் இருந்தன. சிறை அறையிலோ குடிசைப் பகுதியின் முட்டுச்சந்திலோ மாட்டிக்கொள்கிறவருக்கு இவை எதுவும் இல்லை.

கூட்டத்தின்மேல் அடிக்கும்போது நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மிக அதிகமான உயிர்கள் போயிருப்பது அங்கேதான். 1964 மே 24 அன்று பெரு நாட்டின் லிமாவில் தேசிய விளையாட்டரங்கில் பெருவும் அர்ஜென்டினாவும் மோதிய கால்பந்து ஆட்டம். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து ரசிகர்கள் களத்தில் இறங்கினார்கள், போலீஸ் மாடங்களை நோக்கிக் கண்ணீர்ப்புகை அடித்தது, மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி ஓடினார்கள், கீழே கதவுகள் மூடியிருந்தன. அரசுக் கணக்கில் 328 பேர் இறந்தார்கள். 2001 மே 9 அன்று கானாவின் அக்ராவில் மறுபடியும் கால்பந்து அரங்கம், மறுபடியும் மாடத்தை நோக்கிக் கண்ணீர்ப்புகை, மறுபடியும் பூட்டிய கதவு. இறந்தவர்கள் 126 பேர். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங்கில் கஞ்சுருஹான் அரங்கம். 135 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. அங்கே அடித்த குண்டுகளில் சில காலாவதியானவை என்பதை இந்தோனேசிய போலீஸே ஒப்புக்கொண்டது. கால்பந்து அரங்கத்துக்குள் கூட்டத்தைக் கலைக்கும் வாயுவைக் கொண்டுவரவே கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி சொல்கிறது; விதி புத்தகத்தில் இருந்தது, குண்டு களத்துக்கு வந்துவிட்டது. இந்த மூன்று இடங்களிலும் பெரும்பாலோரைக் கொன்றது நெரிசல். அப்படியானால் வேதிப்பொருள்மேல் குற்றமில்லையே என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண் தெரியாமல், மூச்சு விட முடியாமல், எங்கேயாவது ஓடியே தீர வேண்டும் என்ற நிலைக்கு மனிதனைத் தள்ளுவதுதான் அந்தப் பொருளின் வேலை. ஓட இடமில்லாத மாடத்தில் அந்த வேலையைச் செய்யச் சொன்னவர்கள்மேல்தான் குற்றம். மலாங்கில் அன்று சிஎஸ்ஸுக்குப் பதிலாகப் பாவாவை அடித்திருந்தால் 135 என்ற எண் மாறியிருக்காது. பொருளை மாற்றிக்கொண்டே போனால் போதும் என்கிறவர்கள் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லட்டும்.

இனி மறுதரப்பின் வலுவான சான்றுக்கு வருகிறேன். பெப்பர் ஸ்பிரேயால் மரணம் அரிது என்பது அது. அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, தெளிப்பான் அடித்த பிறகு காவலில் இறந்த 63 பேரின் வழக்குகளை அலசியது. அவர்களில் இருவரின் மரணத்தில் மட்டுமே தெளிப்பானுக்குப் பங்கு உண்டு என்ற முடிவுக்கு வந்தது. மற்றவர்கள் போதைப்பொருளாலும் ஏற்கெனவே இருந்த நோயாலும் அழுத்திப் பிடித்ததாலும் இறந்ததாகச் சொன்னது. வட கரோலினாவில் தெளிப்பான் வந்தபின் காவலர்களுக்கு ஏற்படும் காயங்கள் குறைந்தன என்றும் அதே அறிக்கை காட்டியது. இந்தச் சான்றை நான் ஏற்கிறேன். ஆனால் முழுதாகப் படிக்க வேண்டும். அந்த இருவருமே ஆஸ்துமா உள்ளவர்கள். யார்மேல் அடிக்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. அழுத்திப் பிடித்ததால் இறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாய் எரிந்து திணறுகிறவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் முழங்காலை வைத்து விலங்கு மாட்டுவது வழக்கமாக இருந்தால், பிரேதப் பரிசோதனை முழங்காலைக் குற்றம் சொல்லும், டப்பா தப்பித்துக்கொள்ளும். குடும்பத்துக்கு இழப்பு ஒன்றுதான். மரணத்தை மட்டும் எண்ணினால் கண் போனவர்களும் நுரையீரல் கெட்டவர்களும் கணக்கிலேயே வரமாட்டார்கள். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்த 31 ஆய்வுகளைத் திரட்டியபோது, இத்தகைய வேதிப்பொருள்களால் காயமுற்ற 5,131 பேரில் இருவர் இறந்திருந்தார்கள், 58 பேருக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தது. மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியவை மட்டுமே இந்த எண்கள். மருத்துவமனைக்குப் போனால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே கண்ணைக் கழுவிக்கொண்டவர்கள் எந்த ஆய்விலும் இல்லை.

அடுத்த ஆட்சேபம் உணர்ச்சியோடு வருவது, அதனாலேயே பெரும்பாலோரைச் சம்மதிக்க வைப்பது. தெளிப்பானைக் குறை சொன்னால் போலீஸ் துப்பாக்கியை எடுக்கும், எது நல்லது என்று கேட்கிறார்கள். தெளிப்பான் துப்பாக்கியின் இடத்தைப் பிடித்தால் நானும் இரு கையையும் உயர்த்தி வரவேற்பேன். நடைமுறையில் அது துப்பாக்கியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. காஷ்மீருக்குப் பாவா குண்டு போய்ச் சேர்ந்த பிறகும் பெல்லட் துப்பாக்கி போகவில்லை. 2018 நவம்பரில் ஷோபியானில் இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தையின் கண்ணில் பெல்லட் பாய்ந்தது. 2018 மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேரின் உயிர் போனது. கண்ணீர்ப்புகை வாங்கி வைத்திராத காவல்துறையா அன்று சுட்டது? கையில் மென்மையான கருவி இருப்பது, வன்மையான கருவியை எடுக்காமலிருக்க உறுதி தராது. எப்போது எதை எடுக்கலாம், மீறினால் யார் தண்டனை பெறுவார் என்ற விதிதான் அந்த உறுதியைத் தரும்.

மென்மையான கருவி பெரும்பாலும் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அது பேச்சின் இடத்தைப் பிடிக்கிறது. 2011 நவம்பர் 18 அன்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் கைகோத்துத் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் வளாகப் போலீஸ் வரிசையாக மிளகாய்த் தெளிப்பானை அடித்தது. தெளிப்பான் இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாணவர்களைச் சுட்டிருப்பார்களா? தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பார்கள், அல்லது மாலைவரை காத்திருந்திருப்பார்கள். பயன்படுத்தப்பட்ட பெரிய ரக டப்பா அந்தப் போலீசுக்கு அனுமதிக்கப்படாதது என்றும் விசாரணையில் தெரிந்தது. பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதே மாநிலத்தின் ஹம்போல்ட் மாவட்டத்தில் 1997இல், மரம் வெட்டுவதை எதிர்த்துத் தங்களைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் கண்களில் காவலர்கள் மிளகாய்ச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தடவினார்கள். அது வரம்பு மீறிய வன்முறை என்று ஜூரி சொல்ல 2005 ஆனது. உயிருக்கு ஆபத்தில்லை என்ற சான்றிதழ் கையில் இருப்பதால்தான் இப்படிச் செய்யத் துணிகிறார்கள். இங்கிலாந்தின் நான்கு சிறைகளில் 2017-18இல் ஊழியர்களுக்குப் பாவா கொடுத்துச் சோதனை நடத்தினார்கள். ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உணர்வு கூடியது. சிறைக்குள் வன்முறை குறையவில்லை. ஊழியரின் மனத்தெம்பு சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பலனைச் சொல்லி விற்கிறார்களோ அந்தப் பலன் வரவில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கண நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய காவலரிடம் மருந்துச் சீட்டு கேட்பதா என்று சிலர் கேட்கக்கூடும். மருந்துக்குரிய விதிகளில் பெரும்பகுதி அந்தக் கணத்தைத் தொடுவதே இல்லை. என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பானில் என்பது வாங்கும்போது முடிவாகிறது. சாராயம் கலந்த கரைசல் தீப்பற்றும் என்பதால் மின்னதிர்ச்சித் துப்பாக்கியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்பது பயிற்சியில் சொல்ல வேண்டியது. காலாவதியான டப்பாவை எடுத்து அழிப்பது கிடங்குக்காரரின் வேலை. குறைந்தபட்ச தூரத்தை டப்பாவிலேயே அச்சிடலாம். மிக அருகிலிருந்து பீய்ச்சினால் காரத்தைவிட பீய்ச்சும் வேகமே விழியைக் கிழிக்கக்கூடும். அடித்த பிறகு செய்ய வேண்டியதற்கு விலை உயர்ந்த மருந்தெல்லாம் தேவையில்லை. பால், குழந்தைகளுக்கான ஷாம்பூ, அமிலமுறிவு மருந்து, மரப்புமருந்து, வெறும் தண்ணீர் ஆகிய ஐந்தையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நேரம் ஆக ஆகத்தான் எரிச்சல் தணிந்தது. ஆகவே தேவைப்படுவது தண்ணீர், நல்ல காற்று, நிமிர்த்தி உட்கார வைப்பது, மூச்சைக் கவனிக்க ஓர் ஆள். இவற்றைத் தர முடியாத இடத்தில் அடிக்கக் கூடாது என்ற விதி எந்தக் காவலரின் கையையும் கட்டிப்போடாது. ஆளில்லா விமானத்திலிருந்து போடுவதற்கு இந்த விதிப்படி இடமே இல்லை. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள்மேல் ஹரியானா போலீஸ் அப்படித்தான் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைப் போட்டது. கீழே யார்மேல் விழுகிறது, அவருக்கு என்ன வயது என்று மேலிருந்து தெரியாது.

சட்டம் இவற்றில் எதையும் கேட்பதில்லை என்பதுதான் நம் நாட்டு நிலைமை. கூட்டத்தைக் கலைக்க அதிகாரம் தரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவில் வேதிப்பொருள்பற்றியோ அளவுபற்றியோ ஒரு சொல் கிடையாது. தனியார் கையிலிருக்கும் தெளிப்பானுக்கும் தெளிவான சட்டம் இல்லை. 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம், தற்காப்புக்காக அடித்தோம் என்ற வாதத்தை ஏற்காமல், ஒரு வழக்கை ரத்து செய்ய மறுத்தபோது, பெப்பர் ஸ்பிரேயை ஆபத்தான ஆயுதமாகக் கருத அமெரிக்கத் தீர்ப்பு ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. இரவில் தனியாக வீடு திரும்பும் பெண் கைப்பையில் வைத்திருக்கும் சிறிய டப்பாவைப் பிடுங்குவது என் நோக்கம் இல்லை. அவருக்கும்கூட உள்ளே என்ன, எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று தெரிந்த டப்பாதான் வேண்டும். அவசரத்தில் வேலை செய்யாத போலிச் சரக்கு அவரைத்தான் முதலில் கைவிடும்.

ரகசியம் காக்க வேண்டும் என்பது அதிகாரிகளின் கடைசி அரண். கலவரக்காரர்களுக்கு விவரம் தெரிந்துவிடும் என்பார்கள். இந்தியா கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட 1993ஆம் ஆண்டு வேதியியல் ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். எரிச்சலூட்டும் பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதை அது தடுக்கிறது. உள்நாட்டுச் சட்டம் ஒழுங்குக்கு விலக்குத் தருகிறது, ஆனால் பொருளின் வகையும் அளவும் அந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறவரை மட்டும். அளவு என்ற நிபந்தனை சர்வதேசச் சட்டத்திலேயே இருக்கிறது. கலவரத் தடுப்புக்காக ஒரு நாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பெயரையும் கட்டமைப்பு வாய்பாட்டையும் ஹேக் நகரிலுள்ள கண்காணிப்பு அமைப்பிடம் அறிவிக்க வேண்டும் என்றும், மாற்றம் வந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்றும் அதே ஒப்பந்தம் விதிக்கிறது. வெளிநாட்டு அலுவலகத்துக்குச் சொல்லக் கடமைப்பட்ட விவரத்தை, அதைத் தன் கண்ணிலும் நுரையீரலிலும் வாங்கப்போகும் குடிமகனிடம் மறைக்க எந்த நியாயமும் இல்லை.

இதைக் கேட்க வழக்கறிஞராகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் சிறைத்துறைக்கும் ஒரு மனு எழுதுங்கள். வைத்திருக்கும் தெளிப்பான்களிலும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளிலும் என்ன பொருள், எத்தனை சதவீதம், காலாவதித் தேதி என்ன, சென்ற மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை, எங்கே, எவ்வளவு பயன்படுத்தினார்கள், பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிவேடே இல்லை என்று பதில் வந்தால் அதையும் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.